உங்க நட்சத்திரம் தெரியும்... அதை வானத்துல பார்த்திருக்கீங்களா? ஸ்ரீரங்கத்திலிருந்து குடும்பத்தோடு நட்சத்திரம் தேட ஒரு கைடு!

கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் அர்ச்சகர் என்ன கேட்பார்? பேர், நட்சத்திரம். நாமும் யோசிக்காமல் சொல்லிவிடுவோம். ரோகிணி, சுவாதி, கேட்டை... வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருக்கும் அந்த நட்சத்திரத்தை என்றைக்காவது தலையைத் தூக்கிப் பார்த்திருக்கிறோமா?

எனக்கு இந்தக் கேள்வி வந்தது ஸ்ரீரங்கத்தில், பாட்டி வீட்டில். பாட்டிக்கு வயது 82. ரோகிணி நட்சத்திரம். "அது எங்க இருக்கும் பாட்டி?" என்று கேட்டேன். "மேல எங்கயாவது இருக்கும். நான் எங்க மாடி ஏறிப் பார்க்கப்போறேன், இந்த முட்டியை வெச்சுக்கிட்டு?" என்று சிரித்துவிட்டார். பஞ்சாங்கத்தில் இன்றைக்கு என்ன நட்சத்திரம், எத்தனை நாழிகை என்று கடகடவெனச் சொல்லும் பாட்டிக்கு, அந்த நட்சத்திரத்தின் முகம் தெரியாது. எனக்கு ரெண்டுமே தெரியாது.

கையில் போன் இருந்தது. அதில் ஒரு வான ஆப் இருந்தது. அங்கிருந்து ஆரம்பித்ததுதான் இது. நீங்களும் உங்கள் வீட்டில் ஆரம்பிக்கலாம். டெலஸ்கோப் வேண்டாம், பைனாகுலர் வேண்டாம், பைசா செலவில்லை. ஒரே ஒரு விதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: திரையில் கணக்குப் போட்டுவிட்டு, வெளியே போய்ச் சரிபார்க்க வேண்டும். திரையோடு நின்றுவிட்டால் அது இன்னொரு வீடியோ, அவ்வளவுதான்.

எந்த ஆப்?

வானத்தை அப்படியே கணக்குப் போட்டு வரைந்து காட்டும் மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன. குடும்பத்துக்கு முதலில் நான் சொல்வது ஸ்டெல்லேரியம். ஃபேபியன் ஷெரோ என்ற பிரெஞ்சு புரோகிராமர் 2000-ல் ஆரம்பித்தது. கம்ப்யூட்டருக்கான பதிப்பு முழுக்க இலவசம், ஓப்பன் சோர்ஸ். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். உலகம் முழுக்க ஆர்வலர்கள் சேர்ந்து வளர்த்து, 2022-ல்தான் அதன் 1.0 பதிப்பு வந்தது. அடிப்படைத் தொகுப்பிலேயே 6 லட்சத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள் உண்டு. நம் கண்ணுக்குத் தெரியக்கூடியவை மொத்த வானத்திலும் சுமார் 9,000-தான் என்பதால், இது நமக்குத் தாராளம்.

போனுக்கும் ஸ்டெல்லேரியம் உண்டு. காசு கட்டி வாங்கும் பதிப்பும் இருக்கிறது, இலவசப் பதிப்பே போதும். எதையும் இன்ஸ்டால் செய்ய இஷ்டமில்லையா? பிரவுசரிலேயே ஸ்டெல்லேரியம் வெப் திறக்கும். ஆண்ட்ராய்டில் 'ஸ்கை மேப்' இன்னும் எளிமை. போனை வானத்தைப் பார்த்துப் பிடித்தால் பெயர் சொல்லும்.

பூமியை விட்டுக் கிளம்பி சனிக்கிரகத்தின் வளையம் வரை 'பறக்க' ஆசைப்படும் குட்டீஸ் இருந்தால், செலஸ்டியா அல்லது நாசாவின் 'ஐஸ்' தளத்தைக் காட்டலாம். ஸ்டெல்லேரியம் வேலை வேறு. நீங்கள் நிற்கிற இடத்திலிருந்து, நீங்கள் சொல்கிற நேரத்தில், வானம் எப்படித் தெரியும் என்று காட்டுவது அது.

முதல் வேலை: நம்ம ஊரை வையுங்கள்

அவசரப்பட்டு நட்சத்திரம் தேடாதீர்கள். முதலில் இடம். கம்ப்யூட்டரில் இணையம் இல்லாமல் திறந்தால் ஸ்டெல்லேரியம் பாரிஸ் நகரத்து வானத்தைக் காட்டக்கூடும். இணையம் இருந்தாலும், உங்கள் பிராட்பேண்டை வைத்து ஊரைக் கணிப்பதால் சில வீடுகளில் சென்னை என்று வரும். எஃப்6 கீயை அழுத்தினால் இடம் மாற்றும் பெட்டி திறக்கும். திருச்சி என்று தேடுங்கள். அல்லது வடக்கு அட்சரேகை 10.86, கிழக்கு தீர்க்கரேகை 78.69 என்று கொடுங்கள். அது ஸ்ரீரங்கம்.

இது ஏன் முக்கியம்? இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான 'பிகினர் கைடு'கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டவை. 'முதலில் துருவ நட்சத்திரத்தைப் பிடியுங்கள்' என்று ஆரம்பிக்கும். லண்டனில் அது 51 டிகிரி உயரத்தில் ஜம்மென்று நிற்கும். நமக்கோ 11 டிகிரிதான். கையை நீட்டி விரல்களை மடக்கினால், அந்த ஒரு முஷ்டி சுமார் 10 டிகிரி. அதாவது அடிவானத்துக்கு மேலே ஒரே ஒரு முஷ்டி. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே மறைத்துவிடும். கொள்ளிடம் பக்கம் வடக்கே திறந்தவெளி இருந்தால் வாய்ப்புண்டு.

ஆனால், நமக்குக் கிடைப்பது அவர்களுக்குக் கிடைக்காது. அகஸ்திய நட்சத்திரம் எனப்படும் கனோபஸ், இரவு வானத்தின் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம். பிப்ரவரி நடுவில் இரவு 9 மணிக்கு நமக்குத் தெற்கே இரண்டரை முஷ்டி உயரத்தில் இருக்கும். லண்டனில் அது உதிப்பதே இல்லை. தென்சிலுவை? மே முதல் வாரத்தில் இரவு 9.30 மணிக்கு மேல் தெற்கே இரண்டு முஷ்டிக்குள் தேடுங்கள். லண்டனில் இருக்கும் கசினுக்கு வீடியோ கால் போட்டு வெறுப்பேற்ற இது நல்ல சான்ஸ்.

ஆப் சொல்வதை எப்படி நம்புவது?

நல்ல கேள்வி. நாம் கண்ணால் பார்த்த ஒன்றை வைத்து டெஸ்ட் பண்ணிவிடலாம். 2019 டிசம்பர் 26 ஞாபகம் இருக்கிறதா? காலையில் வளைய சூரிய கிரகணம். அதன் பாதையில் திருச்சியும் இருந்தது.

எஃப்5 அழுத்தினால் தேதி, நேரப் பெட்டி வரும். 2019 டிசம்பர் 26, காலை 9.20 என்று வையுங்கள். எஃப்3 அழுத்தி சூரியனைத் தேடி, நன்றாகப் பெரிதாக்குங்கள். 'எல்' கீ நேரத்தை வேகமாக ஓட்டும், 'கே' சாதாரண வேகத்துக்குக் கொண்டுவரும். 9.30-ஐ ஒட்டி, நிலா சூரியனுக்குள் போய், சுற்றிலும் நெருப்பு வளையம் தெரியும்.

இப்போது நேரத்தை அப்படியே விட்டுவிட்டு இடத்தை மட்டும் சென்னை என்று மாற்றுங்கள். வளையம் உடைந்து பிறையாகிவிடும். அன்றைக்குச் சென்னையில் இருந்தவர்கள் பார்த்ததும் பிறைதான். வீட்டில் அன்று கிரகணம் பார்த்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். 'ஆமா, இப்படித்தான் இருந்துச்சு' என்று ஒருவர் சொன்னால் போதும். அதற்குப் பிறகு இந்த ஆப் சொல்வதை வீடு நம்ப ஆரம்பிக்கும்.

ஹோம்வொர்க்: 2031 மே 21 அன்று தென் தமிழகத்தின் மேல் இன்னொரு வளைய கிரகணம் போகிறது. அன்றைக்கு உங்கள் தெருவிலிருந்து வளையமா, பிறையா? நீங்களே போட்டுப் பாருங்கள். (நிஜச் சூரியனை மட்டும் வெறும் கண்ணாலோ, பைனாகுலராலோ எப்போதும் பார்க்கக் கூடாது. அதற்கென்று உள்ள கிரகணக் கண்ணாடி வேண்டும்.)

ரோகிணி எங்கே, சுவாதி எங்கே?

இப்போது மெயின் மேட்டர். வீட்டில் எல்லோருடைய நட்சத்திரத்தையும் ஒரு பேப்பரில் எழுதுங்கள். தேடும் பெட்டியில் சர்வதேசப் பெயரை ஆங்கில எழுத்தில் கொடுக்க வேண்டும். சுலபமாகத் தெரியக்கூடியவை இவை:

* கார்த்திகை: பிளையடீஸ் கூட்டம். ரோகிணி: ஆல்டெபரான். திருவாதிரை: பீட்டல்ஜூஸ். புனர்பூசம்: காஸ்டர், போலக்ஸ். (ஜனவரி, பிப்ரவரி முன்னிரவு)
* மகம்: ரெகுலஸ். உத்திரம்: டெனபோலா. (மார்ச் கடைசி, ஏப்ரல்)
* சித்திரை: ஸ்பைகா. சுவாதி: ஆர்க்டூரஸ். (மே, ஜூன்)
* கேட்டை: அன்டாரிஸ். மூலம்: விருச்சிகத்தின் கொடுக்கில் இருக்கும் ஷௌலா. (ஜூலை, ஆகஸ்ட்)
* திருவோணம்: ஆல்டேர். அவிட்டம்: டெல்ஃபினஸ் எனும் குட்டிக் கூட்டம். (செப்டம்பர்)

பிப்ரவரியில் ஒருநாள் இரவு 8 மணிக்கு இவற்றைத் திரையில் பார்த்தபோது எனக்குச் சட்டென்று ஒன்று பிடிபட்டது. கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை, புனர்பூசம்... நாம் ஸ்கூலில் மனப்பாடம் செய்தது போல ஒப்பிக்கிற அந்த வரிசை, வானத்தில் மேற்கிலிருந்து கிழக்காக அதே வரிசையில் நிற்கிறது. அது மனப்பாடத்துக்காகப் போட்ட பட்டியலே இல்லை. நிலா நடந்துபோகும் ரூட் மேப். நிலா வானத்தை ஒரு சுற்று சுற்ற 27 நாளுக்குச் சற்று மேல் ஆகிறது. ஒரு நாளைக்கு ஒரு ஸ்டாப் என்று வைத்தால் 27 நட்சத்திரம்.

அதனால், உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர்தான் இந்த விளையாட்டுக்கு நல்ல துணை. இன்றைக்கு ரோகிணி என்று போட்டிருந்தால், நிலா இன்றிரவு ஆல்டெபரானை ஒட்டிய பகுதியில் இருக்க வேண்டும். ஆப்பைத் திறக்காமல் முதலில் வெளியே போய்ப் பாருங்கள். பிறகு திறந்து சரிபாருங்கள்.

ஒரு விஷயம் கவனம். 27 பாகங்களும் சம அளவில் பிரித்தவை. நட்சத்திரங்கள் அப்படிச் சமமாக நிற்கவில்லை. சுவாதியின் ஆர்க்டூரஸும் திருவோணத்தின் ஆல்டேரும் நிலாவின் பாதையிலிருந்து வடக்கே ரொம்பத் தள்ளி இருப்பவை. அந்த நாள்களில் நிலா அவற்றின் பக்கத்தில் வராது, அந்தத் திசைக்கு நேராகத்தான் வரும். 'ஆப் தப்பு' என்றோ 'காலண்டர் தப்பு' என்றோ வீட்டில் சண்டை போட வேண்டாம்.

தேர் ஓடும் நட்சத்திரம் எங்கே?

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இதில் இன்னொரு சுவாரஸ்யம் உண்டு. ஊரின் பெரிய விழாக்கள் நட்சத்திரத்தை வைத்துத்தான் வருகின்றன. தைத் தேர் புனர்பூசத்தில். பங்குனியில் சேர்த்தி சேவை உத்திரத்தில். சித்திரைத் தேர் ரேவதியில்.

புனர்பூசம் சுலபம். தை மாத இரவில் கிழக்கே ஜோடியாக மின்னும் இரண்டு நட்சத்திரங்கள். உத்திரமும் கஷ்டமில்லை, சிங்கத்தின் பின்பக்க நுனியில் தனியாக நிற்கும். ஆனால் ரேவதி? அதற்கு அடையாளமாகச் சொல்லப்படுவது ஸீட்டா பிஸியம் என்ற மங்கலான நட்சத்திரம். அதன் பிரகாச அளவு 5.2. இந்த அளவுகோலில் எண் கூடக் கூட ஒளி குறைவு. நல்ல இருட்டில் கண்ணுக்குத் தெரியும் எல்லையே 6, 6.5. நகர வெளிச்சத்தில் 4-க்கு மேல் போவதே கஷ்டம்.

எஃப்4 அழுத்தினால் வானத்தின் தோற்றத்தை மாற்றும் பெட்டி வரும். அதில் ஒளி மாசு அளவைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொன்றாக நட்சத்திரங்கள் அணையும். ரேவதி சீக்கிரமே காணாமல் போய்விடும். மேலும் சித்திரை மாதத்தில் சூரியன் அந்தப் பக்கம்தான் இருக்கிறது, அதனால் அப்போது இரவில் தேடியும் பலனில்லை. ஜனவரி முன்னிரவில், மேற்கு வானத்தில், ஊருக்கு வெளியே நல்ல இருட்டில் தேட வேண்டும்.

தேரோட்டத்துக்கு ஊரே திரளும் ஒரு நட்சத்திரத்தை, அந்த ஊருக்குள் நின்று பார்க்க முடியவில்லை. எனக்கு இது கொஞ்சம் உறுத்தியது. பஞ்சாங்கம் கணித்த முன்னோர்கள் எந்த மென்பொருளும் இல்லாமல் பார்த்த வானம் இது. நம் தலைமுறையில் மறைந்தது நட்சத்திரம் இல்லை, இருட்டு. மேலே பார்த்து எரிகிற எல்இடி விளக்கைக் கீழே பார்த்துத் திருப்புவதும், தேவையில்லாத மாடி விளக்கை அணைப்பதும் நம் கையில் இருக்கிறது. பக்கத்து வீட்டில் ஒரு மணி நேரம் விளக்கை அணைக்கச் சொல்லிக் கேட்கலாம். அவர்களையும் மாடிக்குக் கூப்பிட்டுவிட்டால் இன்னும் சுலபம்.

கல்யாண ஆல்பத்தை எடுங்க!

இது எங்கள் வீட்டில் செம ஹிட் ஆன விளையாட்டு. கல்யாணத்தில் பகலில் மணமக்களைக் கூட்டிப்போய் 'அருந்ததி தெரியுதா?' என்று கேட்பார்கள். எல்லோரும் 'தெரியுது' என்று தலையாட்டியிருப்பார்கள். உண்மையில் அருந்ததி அப்போது வானத்தில் இருந்ததா?

அப்பா அம்மா கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுங்கள். தேதி, முகூர்த்த நேரம், கல்யாணம் நடந்த ஊர் மூன்றையும் ஆப்பில் கொடுங்கள். 'ஏ' கீயை அழுத்தினால் காற்றுமண்டலம் மறைந்து, பகலிலும் நட்சத்திரம் தெரியும். அல்கோர் என்று தேடுங்கள். அதுதான் அருந்ததி. பக்கத்தில் ஒட்டி இருக்கும் மிஸார்தான் வசிஷ்டர். அல்கோர் அடிவானத்துக்கு மேலே இருந்தால் அப்பா பொய் சொல்லவில்லை, வெளிச்சத்தில் தெரியவில்லை அவ்வளவுதான். கீழே இருந்தால்... அது உங்கள் குடும்ப விவகாரம்! நம் ஊரிலிருந்து பார்த்தால் ஒரு நாளில் சுமார் 14 மணி நேரம் அருந்ததி மேலேதான் இருக்கும். எனவே அப்பாக்களுக்குச் சாதகமான ஆட்டம்தான்.

நிஜ அருந்ததியைப் பார்க்க ஏப்ரல், மே இரவில் வடக்கே சப்தரிஷி மண்டலத்தைத் தேடுங்கள். கைப்பிடியின் நடு நட்சத்திரத்தை ஒட்டி மெலிதாகத் தெரியும்.

உங்க வயசுக்கு ஒரு நட்சத்திரம்

ஒரு நட்சத்திரத்தைத் தொட்டால் அதன் தூரம் ஒளியாண்டில் வரும். 25 ஒளியாண்டு என்றால், இன்று நம் கண்ணில் படும் வெளிச்சம் 25 வருஷத்துக்கு முன் கிளம்பியது என்று அர்த்தம். அப்படியென்றால், நாம் பிறந்த சமயத்தில் கிளம்பிய வெளிச்சம் எந்த நட்சத்திரத்திலிருந்து இப்போது வந்து சேர்கிறது?

8 அல்லது 9 வயதுக் குட்டிக்கு சிரியஸ். 17 வயசுக்கு ஆல்டேர். 25-க்கு வேகா. 34-க்கு போலக்ஸ். 37-க்கு ஆர்க்டூரஸ். 43-க்கு கபெல்லா. 51-க்கு காஸ்டர். 79-க்கு ரெகுலஸ். பர்த்டேக்கு கேக் வெட்டிய பிறகு மாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஒரு ரூபாய் செலவில்லாத கிஃப்ட்.

19 வயது நிரம்பப்போகிறவர்களுக்கு இன்னொரு ஸ்பெஷல் உண்டு. 2021-ல் ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி, மார்கழிக்குப் பதில் கார்த்திகையிலேயே, டிசம்பர் 14 அன்று வந்தது நினைவிருக்கலாம். மார்கழி ஏகாதசியில் வைத்தால் விழா, தைத் தேர்த் திருநாளோடு மோதும் என்பது காரணம். 19 வருஷத்துக்கு ஒருமுறை இப்படி வரும் என்று அப்போது செய்திகளில் படித்திருப்பீர்கள். அது என்ன 19?

19 வருஷமும், 235 நிலா மாதமும் கிட்டத்தட்ட ஒரே நீளம். வித்தியாசம் சுமார் 2 மணி நேரம்தான். கி.மு. 432-ல் ஏதென்ஸில் மெட்டன் என்பவர் இதை அறிவித்ததால் இதற்கு மெட்டன் சுழற்சி என்று பெயர். ஆப்பில் 2002 டிசம்பர் 19 இரவு 8 மணியை வைத்துப் பாருங்கள். முழு நிலா, ஓரியனின் தலைக்கு மேலே. இப்போது ஆண்டை மட்டும் 2021 ஆக்குங்கள். நிலா ஏறக்குறைய அதே இடத்தில், அதே முழு முகத்தோடு! அதேபோல உங்கள் 19-வது பிறந்தநாளில், நீங்கள் பிறந்த அன்று இருந்த அதே பிறை வரும். ஒருநாள் முன்னே பின்னே இருக்கலாம்.

பகலிலும் ஒரு சோதனை: நிழல் காணாமல் போகும் நாள்

சூரியன் தினமும் நண்பகலில் உச்சந்தலைக்கு நேரே வருகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வருவதில்லை. திருச்சியில் வருஷத்துக்கு இரண்டே முறைதான் வரும். ஏப்ரல் 18-ஐ ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் 25-ஐ ஒட்டி இன்னொருமுறை. அன்று நட்டுவைத்த கம்புக்கு நிழலே இருக்காது.

ஆப்பில் அந்தத் தேதியை வைத்து, சூரியனைத் தேர்ந்தெடுத்து, அதன் உயரம் எப்போது 90 டிகிரியை நெருங்குகிறது என்று பாருங்கள். 12 மணிக்கு இல்லை, 12.15-ஐ ஒட்டித்தான். ஏன்? நம் கடிகாரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. ஸ்ரீரங்கம் அதற்கு மேற்கே கிட்டத்தட்ட 4 டிகிரி தள்ளி இருக்கிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம் என்றால் கால் மணி நேரம் லேட்.

அன்று ஒரு நேரான பிவிசி குழாய்த் துண்டை சமதரையில் நிறுத்தி, 12 மணியிலிருந்து 5 நிமிஷத்துக்கு ஒருமுறை நிழலைச் சாக்பீஸால் குறித்து வாருங்கள். ஆப் சொன்ன நிமிஷத்தில் நிழல் குழாயின் காலடிக்குள் ஒளியும். ஸ்கூல் லீவில் இருக்கும் பசங்களுக்கு இதைவிட நல்ல புராஜெக்ட் கிடைக்காது. தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம், ஏப்ரல் திருச்சி வெயில் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

மாடிக்குப் போகும் முன்...

* போனை வானத்தில் காட்டும்போது நட்சத்திரம் இடம் மாறித் தெரிந்தால் காரணம் காந்தத் திசைகாட்டி. மாடிக் கம்பிகளும் தொட்டியின் இரும்பு ஸ்டாண்டும் அதைக் குழப்பும். கொஞ்சம் தள்ளி நின்று, போனை எட்டு போடுவதுபோல் சுழற்றுங்கள்.
* ஸ்ரீரங்கத்தில் திசைக்கு ஆப்பே வேண்டாம். கிழக்குச் சித்திரை வீதி, வடக்கு உத்திர வீதி என்று முகவரியிலேயே திசை இருக்கிறது. ராஜகோபுரம் தெற்கு. கோயிலைச் சுற்றிய வீதிகளில் இருப்பவர்களுக்கு, மே மாதத் தென்சிலுவை அந்தப் பக்கம்தான்.
* தெற்கே திருச்சி நகர வெளிச்சம் இருப்பதால், தெற்கு வானத்துக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிஷம் ஆகும். ஒரு வாட்ஸ்அப் நோட்டிஃபிகேஷன் அதைக் கெடுத்துவிடும். ஆப்பில் சிவப்பு நிற இரவு மோடைப் போடுங்கள்.
* அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மேகம். ஆரம்பிக்க ஜனவரி முதல் ஏப்ரல் வரை பெஸ்ட்.
* திரையில் ஊதாவும் சிவப்புமாகத் தெரியும் நெபுலாக்கள் நேரில் அப்படித் தெரியாது. அவை கேமரா நீண்ட நேரம் சேகரித்த நிறங்கள். பசங்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஏமாற மாட்டார்கள்.
* எல்லோரும் இருட்டில் ஏறி இறங்குவார்கள். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி என்றால் வேண்டாம், தெருவோ மைதானமோ போதும்.

இதெல்லாம் பழகிய பிறகு, புதுக்கோட்டை சாலையில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அண்ணா அறிவியல் மையக் கோளரங்கத்துக்கு ஒருநாள் போய்வாருங்கள். காட்சி நேரத்தை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. முன்பு ஸ்கூல் டூரில் போனபோது இருட்டில் தூங்கியிருப்போம். இப்போது மேலே தெரியும் ஒவ்வொன்றும் தெரிந்த முகமாக இருக்கும்.

பாட்டியின் ரோகிணி

பாட்டியால் மாடி ஏற முடியாது என்று சொன்னேன் இல்லையா? ஆப்பில் ரோகிணியை வைத்து நேரத்தை ஓட்டிப் பார்த்தேன். ஆல்டெபரான் நம் ஊரில் கிட்டத்தட்ட நடு உச்சி வழியாகப் போகிறது. உச்சியிலிருந்து 6 டிகிரி மட்டுமே வடக்கே. பிப்ரவரி முதல் வாரத்தில் அது நடக்கும் நேரம் இரவு 8 மணி சுமார். நடு உச்சி என்றால் மாடி எதற்கு? பாட்டி வீடு பழைய காலத்து வீடு. நடுவில் திறந்த முற்றம் இருக்கிறது.

எட்டு மணிக்கு வீட்டு விளக்கையெல்லாம் அணைத்தோம். முற்றத்தில் சாய்வு நாற்காலியைப் போட்டு பாட்டியைப் படுக்கவைத்த மாதிரி உட்காரவைத்தோம். முதல் பத்து நிமிஷம் மேகம். பாட்டி, "சாதம் ஆறிடும்" என்றார். மேகம் விலகியது. முற்றத்துச் சதுரத்துக்குள், ஆரஞ்சு நிறத்தில், தனியாக ஒரு புள்ளி.

"அதான் பாட்டி, ரோகிணி. 65 ஒளியாண்டு தூரம். நீங்க கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தப்போ அங்கிருந்து கிளம்பின வெளிச்சம், இப்பதான் வந்து சேருது."

பாட்டி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "இத்தனை வருஷமா இந்த முத்தத்துக்கு மேலயேவா போயிட்டு இருந்துது?" என்று கேட்டார். அப்புறம் எங்கள் யாரையும் விடவில்லை. "தாத்தாவுக்கு சுவாதி. அது எப்ப வரும், பாத்துச் சொல்லு."

ஆப்பில் போட்டுப் பார்த்தேன். ஆர்க்டூரஸ், மே கடைசி, இரவு 9.30 மணியை ஒட்டி, உச்சிக்கு வெகு அருகில். காலண்டரில் பாட்டியே பேனாவால் குறித்துவைத்திருக்கிறார்.

உங்கள் வீட்டில் யாருக்கு என்ன நட்சத்திரம்? இன்று இரவு சாப்பாட்டுக்கு முன் கேட்டுப் பாருங்கள். அது எப்போது, எந்தப் பக்கம் வரும் என்று ஆப் சொல்லும். கூட்டிப்போய்க் காட்டுவது மட்டும் உங்கள் வேலை.